பரோக்: முத்துக்கு வைத்த பெயர்

பரோக் என்பது சுமார் 1600 முதல் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை ஐரோப்பாவில் கோலோச்சிய கலைப் பாணி. ஓவியம், சிற்பம், கட்டடம், இசை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் வழங்குகிறது.

சொல் நமக்கு வந்தது பிரெஞ்சிலிருந்து. அதற்கும் மூலம் போர்த்துகீசியம் என்பதே பெரும்பாலோர் கருத்து. அங்கே ‘பர்ரோக்கோ’ என்றால் உருண்டு திரளாத கோணல் முத்து. 1563இல் கோவாவில் அச்சான போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தாவின் மருந்து நூலில் அது இந்தப் பொருளில் வருகிறது. 1694ஆம் ஆண்டின் பிரெஞ்சு அகாதெமி அகராதியும் முத்தை மட்டும்தான் சொல்கிறது. பரோக்கின் பெரும் சிற்பி பெர்னினி இறந்தது 1680இல். தன் கலைக்கு இப்படியொரு பெயர் வரும் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கலைக்கு இந்தச் சொல் வந்தது வசையாகத்தான். 1734இல் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராமோவின் ஓபராவை (இசை நாடகத்தை)ப் பழித்த ஒரு பத்திரிகைக் கடிதத்தில் அது இருக்கிறது. 1888இல் கலை வரலாற்று அறிஞர் ஹைன்ரிஹ் வொல்ஃப்லின் மறுமலர்ச்சிக் காலக் கலையையும் பரோக்கையும் ஒப்பிட்டு எழுதிய பிறகே வசை கழன்று பாணியின் பெயராக நிலைத்தது.

பரோக்குக்கு முந்தைய பாணியான மேனரிசத்தின் வேர், பாணி என்று பொருள்படும் இத்தாலியச் சொல் ‘மனியேரா’. இத்தாலிய ஓவியர் பர்மிஜானினோ வரைந்த நீள்கழுத்து மாதா அதற்கு நல்ல சாட்சி. பரோக்குக்குப் பிந்தைய பாணியான ரொக்கோக்கோ, சிப்பியும் கூழாங்கல்லும் பதித்த தோட்டக் குகை வேலையான ‘ரொக்காய்’ என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது. 1715இல் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி இறந்ததும் பிரபுக்கள் வெர்சாய் அரண்மனையை விட்டுப் பாரிஸ் மாளிகைகளுக்குத் திரும்பினார்கள். அந்தச் சிறிய அறைகளில் வெளிர் நிறமும் சிப்பி வளைவும் செழித்தன.

சரி, பரோக்குக்குத் தமிழில் என்ன? ‘மிகை அலங்காரப் பாணி’ என்று எழுதத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரோமின் சான் லூயிஜி தேவாலயத்தில் கரவாஜியோ வரைந்த ‘மத்தேயுவின் அழைப்பு’ (1599–1600) என்ற ஓவியம் இருக்கிறது. வெறும் சுவர், ஒரு ஜன்னல், காசு எண்ணும் மேசை. இயேசுவின் தலைக்கு மேலே சாய்வாக ஒளி பாய்கிறது. மேசைக் கோடியில் ஒரு இளைஞன் நிமிராமல் காசை எண்ணிக்கொண்டே இருக்கிறான். அலங்காரம் துளியும் இல்லை, ஆனாலும் அது பரோக்தான். அந்த மொழிபெயர்ப்பு பழைய வசையைத் தமிழில் மறுபடி ஏற்றிவிடும். பாணிக்கு ‘பரோக்’ என்றே வைத்துக்கொள்வோம்.

முத்துக்கு மட்டும் சொல் தேட வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் முத்துகளை வட்டம், அனுவட்டம், சப்பத்தி, இரட்டை, கறடு (கரடுமுரடான முத்து) என்று வகைபிரிக்கின்றன. நகைக்கடைகளில் ‘பரோக் முத்து’ என்று விற்பதைக் கறடு எனத் தாராளமாகச் சொல்லலாம்.