படித்தால் நடை கெட்டுவிடுமா?

போன வாரம் ஒரு பெரியவர் குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி, சத்துவாச்சாரியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தார். கையில் கட்டைப்பை, அதற்குள் 412 பக்க நாவல். கையெழுத்துப் பிரதி இல்லை, அச்சடித்த புத்தகம். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் 300 பிரதி போட்டிருக்கிறார். சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தது போக மீதி எல்லாம் கட்டிலுக்கு அடியில்.

"யாரும் முப்பது பக்கத்தைத் தாண்ட மாட்றாங்கம்மா. ரெண்டாம் பதிப்பு போடறதுக்கு முன்னாடி நீங்க ஒருதபா எடிட் பண்ணிக் குடுங்க."

எந்தப் பிரதி வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: கடைசியாகப் படித்த நாவல் எது?

"எழுத ஆரம்பிச்சதிலேருந்து எதையும் தொடறதில்லம்மா. அடுத்தவங்களோடத படிச்சா நம்ம நடை கெட்டுடும் இல்ல?"

இந்த வருஷம் என்னிடம் இதைச் சொன்ன ஐந்தாவது ஆள் அவர். வயதானவர்கள் மட்டும் சொல்வதில்லை, கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் இதையேதான் சொல்கிறார்கள். முதல் நான்கு பேரிடமும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இனி முடியாது.

ஆம்பூரில் பிரியாணி போடுகிற பண்டாரி எவராவது, "வேற ஆள் போட்ட பிரியாணியை நான் வாயில வைக்கறதில்ல, என் கைப்பக்குவம் கெட்டுடும்" என்று சொல்லி நீங்கள் கேட்டதுண்டா? பக்கத்துக் கல்யாணத்தில் தம் திறந்தால் முதலில் போய் மோந்து பார்ப்பவர் அவர்தான். எழுத்தில் மட்டும் எங்கிருந்து வந்தது இந்த மடி?

படிக்காமல் எழுதினால் நடை சொந்தமாக இருக்கும் என்பது வெறும் கற்பனை. அந்த ஐந்து பிரதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். மூன்று, கதிரவன் தன் பொற்கரங்களை விரிப்பதில் தொடங்குகின்றன. நான்கில் கதாநாயகிக்கு மீன் விழிகள். ஐந்திலும் கோபம் வந்தவனுக்கு உதடு துடிக்கிறது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத ஐந்து பேர், ஒருவர் எழுதியதை ஒருவர் காப்பி அடித்ததுபோல எழுதியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக் கட்டுரை நோட்டு, மேடைப்பேச்சு, டிவி சீரியல், பழைய சினிமா வசனம் என்று எல்லாம் ஏற்கெனவே கையில் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. ஒட்டியிருப்பது தெரியாததால் அதற்குச் சொந்த நடை என்று பெயர் வைத்துக்கொள்கிறோம். ஐம்பது நாவல் படித்தவருக்கு, தான் எழுதிய வரி யாருடையது என்று சந்தேகமாவது வரும். படிக்காதவருக்கு அதுவும் வராது.

சரி, படித்தால் பாதிப்பே வராதா? வரும். ஒரே எழுத்தாளரை இரண்டு மாதம் விடாமல் படித்தவர் எழுதிக் கொடுத்தால், முதல் பத்தியிலேயே அது யார் என்று சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் இது தெரியும். ஜலதோஷம் மாதிரிதான், தானே போய்விடும். படிப்பதை நிறுத்துவது அதற்கு மருந்தில்லை. அடுத்து, வேறு மாதிரி எழுதுகிற இன்னொருவரைப் படியுங்கள்.

பெரியவரின் நாவலுக்கு வருகிறேன். 1806 வேலூர்ப் புரட்சி, அதாவது வேலூர்க் கோட்டையில் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்து எழுந்த கதை. (வேலூரில் எடிட்டராக இருப்பவருக்கு இது தலையெழுத்து. கோட்டையைப் பார்க்காமல் ஒரு வருஷமும் கழியாது.) உழைப்பில் குறை சொல்ல முடியாது. புதிய தலைப்பாகை, தாடிக்கும் நெற்றிக்குறிக்கும் தடை, கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் குடும்பம், ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு பாய்ந்து வந்த வெள்ளைக்கார அதிகாரி கில்லஸ்பி என எல்லாம் இருக்கிறது. ஆனால் முதல் 14 பக்கத்திலேயே எல்லாம் வந்துவிடுகிறது! நடுவில் ஒரு ஆள்கூட நடமாடவில்லை. பதினைந்தாம் பக்கத்தில் கதாநாயகன் கண் விழிக்கும்போது, ஜூலை 10 விடியற்காலையில் என்ன நடக்கும் என்பது வாசகருக்கு முழுக்கத் தெரியும். அப்புறம் எதற்கு அவர் 412 பக்கம் படிக்க வேண்டும்?

"பொன்னியின் செல்வன் படிச்சிருக்கீங்களா?" என்று கேட்டேன். பள்ளி நாளிலேயே இரண்டு முறை படித்திருக்கிறார். கதையையும் சொன்னார். கதை எப்படி நம்மிடம் வந்து சேர்கிறது என்பதைக் கவனித்ததில்லை. அங்கேயும் கொட்டிக் கிடப்பது சரித்திரம்தானே? கல்கி அதைச் சுமக்க ஆள் வைக்கிறார். வந்தியத்தேவன் நம்ம பக்கத்து வாணர் குலத்து ஆள். சோழ நாட்டுக்குப் புதிது, அரண்மனை விவகாரம் எதுவும் தெரியாது. அவனுக்கு எப்போது தெரிகிறதோ அப்போதுதான் நமக்கும் தெரிகிறது. கடம்பூர் மாளிகையில் நடக்கும் சதிக்கூட்டத்தை அவன் ஒளிந்திருந்து கேட்கிறான். யார் யாருக்குப் பட்டம் கட்டப் பார்க்கிறார்கள் என்ற தகவலை, மாட்டிக்கொள்வானோ என்ற பயத்தோடு சேர்த்து நாம் விழுங்குகிறோம். அதே தகவலைப் பாடப்புத்தகம் போலச் சொல்லியிருந்தால் கொட்டாவி விட்டிருப்போம்.

உங்கள் புரட்சிக்கும் அப்படி ஓர் ஆள் வேண்டும். முந்தின நாள் கோட்டைக்குள் திப்புவின் மகளுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. சமையல் வேலைக்கு உள்ளே போன பையன் ஒருவன் போதுமே? சிப்பாய்கள் ஏன் குசுகுசுவென்று பேசுகிறார்கள் என்று அவனுக்குப் புரியாது. அது போதும்.

நாவலை எழுத்தாளராகப் படிப்பது என்றால் இதுதான். முதல் தடவை சும்மா படியுங்கள், ரசியுங்கள். இரண்டாவது தடவை ஒரு நோட்டு வேண்டும். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் மூன்றே வரி எழுதுங்கள்: இதை யார் கண்ணால் பார்க்கிறோம், தொடக்கத்தில் தெரியாத எது முடிவில் தெரிந்தது, எந்த இடத்தில் நிறுத்தினார். நாற்பது அத்தியாயத்துக்கு எழுதிப் பாருங்கள், நாவலின் எலும்புக்கூடு கைக்கு வந்துவிடும். உங்கள் சொந்தப் பிரதிக்கும் அதே மூன்று வரியை எழுதுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லாத அத்தியாயம் இருந்தால் நீங்களே வெட்டுங்கள். நான் வெட்டினால் காசு வாங்குவேன்.

யார் சொல்கிறார் என்பதற்கு நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்காரரான மு.வ.வின் 'அகல் விளக்கு' போதும். 1961இல் சாகித்திய அகாதெமி பரிசு வாங்கிய நாவல். கெட்டிக்காரனாக இருந்து சரிந்து போகிறவன் சந்திரன், ஆனால் கதை சொல்பவன் நண்பன் வேலய்யன். சந்திரன் கண்ணில் படாமல் போன நாட்களில், வேலய்யனைப் போலவே நாமும் அவனைத் தேடுகிறோம். சந்திரனே "நான்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தேடல் ஏது? ஒரு பக்கத்தை அவன் வாயால் மாற்றி எழுதிப் பாருங்கள். இப்படி நோட்டில் பழகுவதற்குப் பயப்படாதீர்கள். அதை நாவலில் கொண்டுபோய் ஒட்டுவதுதான் திருட்டு.

பேச்சு மொழிக்கு வேறொருவரிடம் போக வேண்டும். குடியாத்தத்துக்காரர் எழுதிய வேலூர் ஆட்கள் "என்னலே" என்று பேசுகிறார்கள்! வீட்டில் நாள் முழுக்க "இன்னாம்மா", "போய்க்கினு" என்று பேசுகிறவர், பேனா எடுத்ததும் சினிமா பார்த்துத் திருநெல்வேலிக்குப் போய்விடுகிறார். பேரணாம்பட்டு அழகிய பெரியவனின் 'தகப்பன்கொடி'யை எடுத்து, உரையாடலை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. எதைக் கற்றாலும் அது எதற்காகச் செய்யப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள். கல்கி பொன்னியின் செல்வனை 1950 முதல் 1954 வரை பத்திரிகையில் வாராவாரம் எழுதினார். ஏழு நாள் காத்திருக்கும் வாசகரைக் கட்டிப்போடத்தான் அந்த அத்தியாய முடிவுகள். ஒரே மூச்சில் படிக்கிற 200 பக்க நாவலில் நாலு பக்கத்துக்கு ஒருமுறை "அங்கே அவன் கண்ட காட்சி...!" என்று முடித்தால், எனக்கு ரத்த அழுத்தம்தான் ஏறும்.

புத்தகம் வாங்கக் காசில்லை என்று சொல்லாதீர்கள். கல்கியின் எழுத்து நாட்டுடைமையாகி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றதற்கு நூலகம் இருக்கிறது. தயவுசெய்து, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நூலகப் புத்தகத்தில் மட்டும் பென்சிலால் கோடு போடாதீர்கள். நோட்டு எதற்குச் சொன்னேன்?

பெரியவர் நேற்று போன் செய்தார். நோட்டு வாங்கிவிட்டாராம். கடம்பூர் வரைக்கும் வந்தாராம், விறுவிறுப்பில் குறிப்பெடுக்கவே மறந்துவிட்டாராம். மறுபடியும் வீராணத்து ஏரிக்கரையிலிருந்து தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.