குளிருக்குக் காத்திருக்கும் பூ: ஹயசிந்த் குமிழத்துக்குள் நடப்பது என்ன?

அக்டோபர் மாதத்தில் கடையில் வாங்கிய ஹயசிந்த் குமிழம் ஒன்றை, மனம் வந்தால், கத்தியால் மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளந்து பாருங்கள். வெங்காயத்தைப் போலவே அடுக்கடுக்காகச் சதைப்பற்றுள்ள செதில்கள் இருக்கும். அடியில் கெட்டியான வட்டத் தட்டு ஒன்று. அந்தத் தட்டின் நடுவிலிருந்து வெளிர்மஞ்சள் இலைக் குருத்துகள் ஒன்றையொன்று ஒட்டி எழுந்து நிற்கும். அவற்றை ஊசி முனையால் மெல்ல விலக்கினால், உள்ளே வெளிறிய சிறு கூம்பு தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அதன் மேல் முடிச்சு முடிச்சாக மொட்டுகள். ஒவ்வொரு மொட்டிலும் ஆறு இதழ்கள், ஆறு மகரந்தத் தாள்கள், மூன்று அறைச் சூலகம் என எல்லாம் உருவாகிவிட்டிருக்கும். அடுத்த வசந்தத்தில் பூக்கவிருக்கும் கொத்து, மண்ணைத் தொடுவதற்கு முன்பே முழுதாக உள்ளே இருக்கிறது.

ஆகவே குமிழத்தை நட்ட பிறகு "பூ வைக்குமா, வைக்காதா" என்று கவலைப்படுவதில் அர்த்தமில்லை. இருக்கிற பூ ஒழுங்காக வெளியே வருமா என்பதுதான் கேள்வி. அதைத் தீர்மானிப்பது முக்கியமாக வெப்பநிலை. உரமும் மற்றவையும் அதற்குப் பிறகுதான்.

ஹயசிந்தஸ் ஓரியன்டாலிஸ் என்ற இந்தச் செடியின் சொந்த ஊர் தெற்குத் துருக்கி, சிரியா, லெபனான் பகுதிகளின் பாறைச் சரிவுகள். (நம் ஏரிகளை அடைத்துக்கொண்டு மிதக்கும் ஆகாயத்தாமரையை ஆங்கிலத்தில் நீர் ஹயசிந்த் என்பார்கள், அதற்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை.) அந்த மலைகளில் கோடை என்றால் மழையே கிடையாது, மண் காய்ந்து கிடக்கும். குளிர்காலத்தில் பனியும் மழையும் வரும். வளர்வதற்குத் தோதான ஈரமும் இதமான வெயிலும் சேர்ந்து கிடைப்பது வசந்தத்தின் சில வாரங்களில் மட்டும்தான். அதற்குள் இலை விட்டு, பூத்து, விதைத்து, அடுத்த ஆண்டுக்கான உணவையும் சேமித்துவிட வேண்டும். வசந்தம் வந்த பிறகு மொட்டு உருவாக்கத் தொடங்கினால் காலம் போதாது. அதனால்தான் யாரும் பார்க்காத கோடையில், இலையெல்லாம் காய்ந்து, செடி செத்துவிட்டதோ என்று தோன்றும் நேரத்தில், மண்ணுக்கடியில் பூவைச் செய்து முடித்துவிடுகிறது.

கோடை உறக்கம் என்று நாம் சொல்வது உறக்கமே அல்ல என்பதை முறையாகக் காட்டியவர் நெதர்லாந்தின் வாகனிங்கனில் பணியாற்றிய தாவரவியலாளர் ப்ளாவ். 1920களில் அவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் ஹயசிந்த் குமிழங்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் வைத்து, அவ்வப்போது வெட்டி, உள்ளே மொட்டு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தார்கள். சுமார் 25 டிகிரி செல்சியஸில் மொட்டு உருவாவது மிக நன்றாக நடந்தது. அதாவது பூ உருவாவதற்கு வெப்பம் வேண்டும். குளிர்ப் பிரதேசத்துப் பூ என்று நாம் நினைக்கும் ஒன்றின் வாழ்க்கையில் முக்கியமான கட்டம் ஏறக்குறைய நம் மார்கழி மாத வெப்பத்தில் நடக்கிறது!

ஆய்வகத்துக்கு முன்பே அனுபவம் இதைக் கண்டுபிடித்திருந்தது. லிஸ்ஸே ஊரைச் சேர்ந்த நிக்கோலாஸ் டேம்ஸ் என்ற குமிழ வளர்ப்பாளர், 1910 வாக்கில், குமிழங்களைச் சீக்கிரமே தோண்டியெடுத்து வெதுவெதுப்பான அறையில் வைத்தால் அவற்றைக் கிறிஸ்துமஸுக்கே பூக்க வைக்கலாம் என்று காட்டினார். இன்று கடையில் 'முன்தயாரிப்புச் செய்தது' என்ற சீட்டுடன் விற்கும் ஹயசிந்த் அந்த வழியில் வந்ததுதான். செடியின் கோடையை முன்கூட்டியே முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். அது குளிர்காலத்துக்கும் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது.

இனி குளிரின் வேலை. கோதுமை போன்ற சில பயிர்களில் குளிர்தான் பூக்கும் முடிவையே எடுக்க வைக்கிறது. ஹயசிந்தில் அந்த முடிவு எப்போதோ எடுக்கப்பட்டுவிட்டது. குளிர் செய்வது, தண்டு நீளும் திறனைத் தருவது. சுமார் 5 முதல் 9 டிகிரிக்குள் பத்து முதல் பதினான்கு வாரம் இருக்கும்போது, செதில்களில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சிறிது சிறிதாகச் சர்க்கரையாக உடைகிறது. ஆக்சின், ஜிப்ரெலின் ஆகிய வளர்ச்சி ஊக்கிகளுக்குத் தண்டின் செல்கள் செவிசாய்க்கும் விதமும் மாறுகிறது. மேலே ஒன்றும் தெரியாது. வேர் மட்டும் அடித்தட்டின் விளிம்பைச் சுற்றி வெள்ளை வெளேரென்று இறங்கிக்கொண்டிருக்கும். பிறகு வெப்பம் ஏறியதும் தண்டின் செல்கள் சர்க்கரையையும் நீரையும் இழுத்துக்கொண்டு மளமளவென நீள்கின்றன.

குளிர் போதவில்லை என்றால் என்ன ஆகும்? பூ வராமல் போகாது, அதுதான் வேடிக்கை. தண்டு நீளாமல், இலைகளின் நடுவே குமிழத்தின் கழுத்திலேயே சிக்கிக்கொண்டு பூக்கள் நெருக்கியடித்துத் திறக்கும். மேல் பாதி பழுப்பாகி அழுகும். இப்படிப்பட்ட குட்டைப் பூவைப் பார்த்ததும் பலர் உரம் போடுகிறார்கள், தண்ணீரைக் கூட்டுகிறார்கள். இரண்டாலும் பயன் இல்லை, குறைந்துபோனது வாரக்கணக்கு.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் தோட்ட வேலை எளிது. லண்டனிலோ டொரொன்டோவிலோ வீட்டுக்குப் பின்னால் நாலடி மண் வைத்திருப்பவர் செப்டம்பர், அக்டோபரில், மண் உறைவதற்கு முன் நட்டுவிட்டால் போதும்; குளிரை வானிலை பார்த்துக்கொள்ளும். குமிழத்தின் அடியிலிருந்து மேல்மண் வரை 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம், குமிழத்துக்குக் குமிழம் ஒரு சாண் இடைவெளி, நல்ல வெயில். நீர் தேங்கவே கூடாது. களிமண்ணாக இருந்தால் மணலோ சரளையோ கலக்க வேண்டும். நெதர்லாந்தில் ஹார்லெமுக்கும் லைடனுக்கும் இடையே கடலோர மணல்மேடுகளுக்குப் பின்னால் உள்ள பட்டையில் இந்தத் தொழில் வேரூன்றியதற்குக் காரணமும் இதுதான்: நீரை நிறுத்தாத சுண்ணாம்பு மணல், அதற்குக் கீழே கால்வாய்களால் ஒரே மட்டத்தில் வைத்திருக்கக்கூடிய நிலத்தடி நீர்.

நட்ட ஆழம் சற்றுக் கூடக்குறைய ஆனாலும் செடி தானே ஓரளவு சரிசெய்துகொள்ளும். ஹயசிந்தின் வேர்கள் கிளைக்காதவை, தடித்தவை. அவற்றில் சில, மண்ணைப் பற்றிக்கொண்ட பிறகு மேல்பகுதியில் சுருங்குகின்றன. வேரின் புறணிச் செல்கள் பக்கவாட்டில் பருத்து, நீளத்தில் குறுகுகின்றன. வேர் குட்டையாகி, தோல் வளையம் வளையமாகச் சுருக்கம் விழுகிறது. அடிமுனை மண்ணில் நங்கூரமிட்டு நிற்பதால், குமிழம்தான் கீழே இழுபட வேண்டும். தாவரம் நகராது என்று சொல்லிக்கொடுத்த பாடத்தை இந்தச் செடி பொருட்படுத்துவதில்லை. அடுத்த முறை பழைய குமிழம் ஒன்றைத் தோண்டும்போது வேரைக் கழுவிப் பாருங்கள், அந்தச் சுருக்கங்கள் கண்ணுக்கே தெரியும்.

வாசனைக்கு வருவோம். பலர் இதை வளர்ப்பதே அதற்காகத்தான். இதழின் செல்களில் ஃபினைல் அலனின் என்ற சாதாரண அமினோ அமிலம் உருமாறி, எளிதில் ஆவியாகும் பல பொருள்களாகிறது. அவற்றில் ஃபினைல் அசிட்டால்டிஹைடு ஹயசிந்துக்கே உரிய அந்தப் பச்சை கலந்த, தேன் சாயல் கொண்ட மணத்தைத் தருகிறது. ரோஜா மணத்துக்குப் பெயர்போன ஃபினைல் எத்தில் ஆல்கஹாலும், மல்லிகையில் நிறைந்திருக்கும் பென்சைல் அசிட்டேட்டும் உடன் சேர்கின்றன. நம் மூக்குக்கு இந்தப் பூ முற்றிலும் அந்நியமாகத் தோன்றாததற்கு இது காரணமாக இருக்கலாம். ஆவியாகும் வேகம் வெப்பத்தோடு கூடும் என்பதால், குளிர்ந்த காலையில் தோட்டத்தில் மெலிதாக வரும் மணம், அதே பூவைச் சூடேற்றிய அறைக்குள் கொண்டுவந்ததும் தலைவலி வருமளவுக்கு ஏறிவிடும். படுக்கையறையில் வைக்காதீர்கள் என்பது என் கட்சி. வாசல் கதவோரம்தான் இதற்கு ஏற்ற இடம். வருகிறவர், போகிறவர் எல்லோருக்கும் ஒரு வீச்சு கிடைத்தால் போதும்.

இந்த மணமும் நிறமும் ஒரு காலத்தில் ஊரையே ஆட்டிவைத்தன. 1637இல் டியூலிப் வியாபாரம் குப்புற விழுந்து ஒரு நூற்றாண்டு ஆவதற்குள், 1730களில், அதே ஹார்லெம் பகுதியில் ஹயசிந்த் குமிழங்களுக்கு விலை ஏறி, பின் அதுவும் இறங்கியது. விலை ஏறியதற்கு மோகம் மட்டும் காரணமல்ல, உயிரியலும் காரணம். ஹயசிந்த் தானாகப் பெருகுவது மிக மெதுவாக. ஆண்டுக்கு ஓரிரு பக்கக் குமிழங்கள் கிடைத்தால் அதிகம். விதை போட்டால் தாய்ச் செடியின் குணம் அப்படியே வராது.

வளர்ப்பாளர்கள் கண்ட வழி சற்றுக் கொடூரமானது. கோடையில் குமிழத்தைத் தலைகீழாகப் பிடித்து, வளைந்த கத்தியால் அடித்தட்டை முழுவதுமாகக் குடைந்து எடுத்துவிடுகிறார்கள். நடுக்குருத்தும் அதோடு போய்விடும். காயத்தை உலரவிட்டு, வெதுவெதுப்பும் ஈரப்பதமும் உள்ள அறையில் வெட்டுப்பக்கம் மேலே இருக்குமாறு அடுக்குகிறார்கள். சில வாரங்களில், வெட்டுப்பட்ட செதில்களின் அடி விளிம்பில் வெள்ளை மணிகள் வரிசையாகப் புடைக்கும். நடுக்குருத்தின் கட்டுப்பாடு நீங்கியதும், செதிலின் சாதாரணச் செல்களே புதுக் குருத்துகளாக மாறிய விளைவு அது. ஒரே குமிழத்திலிருந்து 20 முதல் 60 வரை குட்டிகள் கிடைக்கும். அடித்தட்டைக் குடையாமல் குறுக்கும் நெடுக்கும் ஆழமாகக் கீறினால் எண்ணிக்கை குறையும், ஆனால் குட்டிகள் பெரிதாக இருக்கும். எப்படியானாலும் அவை விற்பனைக்கு வளர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கடையில் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

இப்படிப் பெருக்கியவை எல்லாம் ஒரே உயிரின் துண்டுகள். 1893இல் அறிமுகமான 'சிட்டி ஆஃப் ஹார்லெம்' என்ற மஞ்சள் வகை இன்றும் விற்பனையில் இருக்கிறது. உலகில் எங்கே அது பூத்தாலும் மரபணு அளவில் அந்த முதல் செடியேதான். வசதிக்கு இணையாக ஆபத்தும் உண்டு. ஒன்றைத் தாக்கும் நோய் அத்தனையையும் தாக்கும். 1880களில் வாக்கர் என்ற டச்சு ஆய்வாளர் விவரித்த ஹயசிந்த் மஞ்சள் நோய், பாக்டீரியாவால் தாவரங்களுக்கு வரும் நோய்களில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டவற்றுள் ஒன்று. பிளந்த குமிழத்தில் மஞ்சள் சளி கசிந்தால் அதைத் தோட்டத்தில் வைக்காமல் குப்பையில் போடுவதே நல்லது.

பூத்து முடிந்ததும் பூத்தண்டை வெட்டிவிடலாம். இலையை மட்டும் தொடக்கூடாது. மஞ்சளாகித் தானே சாயும்வரை அது அடுத்த ஆண்டின் பூவுக்கான மாவைச் சேமித்துக்கொண்டிருக்கிறது. அப்படிக் காத்தாலும் இரண்டாம் ஆண்டில் கொத்து சற்று மெலியும், பூக்கள் இடைவெளிவிட்டு நிற்கும். ஈரமும் குளுமையுமான கோடையுள்ள ஊர்களில், மொட்டு உருவாக வேண்டிய நேரத்தில் மண்ணுக்குள் போதிய வெப்பம் இல்லாதது இதற்கு ஒரு காரணம். பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கோ, கடையிலிருந்து வந்த முதல் ஆண்டின் தடித்த, திணித்து வைத்த கொத்தைவிட இந்த மெலிந்த கொத்துதான் மலைச்சரிவின் பூவுக்கு நெருக்கமாகப் படுகிறது.

குமிழத்தைக் கையாளும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெளிச் செதில்களில் கால்சியம் ஆக்ஸலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கருணைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கச் செய்யும் அதே பொருள்தான். குமிழக் கிடங்குகளில் வேலை செய்பவர்களுக்கு இந்த அரிப்பு பழகிப்போன தொல்லை. நாய், பூனை கடித்தாலும் கெடுதல்.

சென்னையிலோ மதுரையிலோ வளர்க்க முடியுமா என்றால், ஒரு முறைக்கு முடியும். குமிழத்தைக் காகிதப் பையில் போட்டு, குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் பத்து, பன்னிரண்டு வாரம் வைக்க வேண்டும். அதே பெட்டியில் பழுக்கும் ஆப்பிளோ வாழையோ இருக்கக்கூடாது. அவை விடும் எத்திலீன் வாயு மொட்டை உள்ளேயே கெடுத்துவிடும். பிறகு கழுத்து குறுகிய கண்ணாடிக் குவளையில், நீர்மட்டம் குமிழத்தின் அடியைத் தொடாமல் மயிரிழை கீழே நிற்குமாறு உட்கார வைத்து, வேர் இறங்கும்வரை வீட்டின் மிகக் குளிர்ந்த, இருண்ட மூலையில் வைக்கலாம். அடி நனைந்தால் காற்றின்றி அழுகும். ஈரக் காற்றைத் தேடி வேர் தானே இறங்கும். பூ வரும், ஆனால் நம் வெக்கையில் சில நாள்தான் தாங்கும். அந்தக் குமிழம் மறுமுறை பூப்பதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஆண்டுதோறும் மண்ணிலேயே மணக்க வேண்டும் என்றால் நிலச்சம்பங்கி இருக்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்து சத்தியமங்கலம் பக்கம் வயல் வயலாக நிற்கும் அதுவும், ஹயசிந்தும், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் தண்ணீர்விட்டான் கிழங்கும் இன்றைய வகைப்பாட்டில் ஒரே அஸ்பராகஸ் குடும்பம். சம்பங்கிக்குக் குளிர்காலம் தேவையில்லை.