"32 தானே காட்டுது" என்று சொல்லாதீர்கள்

மார்ச் பிறந்துவிட்டால் என் சிகிச்சை நிலையத்தில் ஒரே கேள்வி நாள்தோறும் காதில் விழுகிறது: "டொக்டர், ஃபோனில 32 தானே காட்டுது, இதுக்கெல்லாம் வெப்பம் தாக்குமா?" கடந்த வாரம் கொட்டாஞ்சேனையில் ஒரு மாடி வீட்டிலிருந்து எழுபது வயதைக் கடந்த தாயார் ஒருவரைத் தூக்கி வந்தார்கள். தோல் சுட்டது, பேச்சுக் குழறியது, மகளைத் தம் தங்கையென்று நினைத்துப் பேசினார். நீரிழிவுக்காரர் என்பதால் முதலில் குருதிச் சீனியைப் பார்த்தேன். அது சரியாகவே இருந்தது. உடல் வெப்பநிலையோ 40 பாகை செல்சியஸைத் தாண்டியிருந்தது. வீட்டார் சாதாரணக் காய்ச்சலென்று எண்ணி, காலையிலிருந்து பரசிற்றமோல் கொடுத்திருக்கிறார்கள். அவர் படுத்திருந்த அறை தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. அதன் ஒரே யன்னலும் பக்கத்துக் கட்டடத்தின் ஏசிகள் வெப்பக் காற்றைத் தள்ளும் பக்கமாகத் திறக்கிறது. இதே நிலையில் வருபவர்களை ஆண்டுதோறும் பார்த்து மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

காலநிலை இடத்துக்கிடம் மாறும் என்பதை நம்மவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏறத்தாழ 7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கும் கொழும்புக்கு, ஏப்ரலின் முதற்பாதியில் சூரியன் நேர் உச்சியில் வருகிறது. வாடை ஓய்ந்து தென்மேல் பருவக்காற்று இன்னும் தொடங்காத அந்த இடைக்காலத்தில் காற்றும் அசைவதில்லை. 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்குப் போகும்போது நாம் கம்பளிச் சட்டை எடுத்துக்கொண்டே புறப்படுகிறோம். மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு மறுபுறம் இறங்கும் அதே தென்மேல் காற்று, மட்டக்களப்பில் கச்சானாக வீசி உடலை வறுத்தெடுப்பதையும் அறிவோம். ஆனால், வளிமண்டலவியல் திணைக்களத்தின் வெப்பமானிக்கும் நாம் படுக்கும் அறைக்கும் இடையில் அதே போன்றதொரு வேறுபாடு இருக்கக்கூடும் என்று சொன்னால் மட்டும் நம்ப மறுக்கிறோம்.

அந்த 32 எங்கிருந்து வருகிறது என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள். வானிலை நிலையத்தின் வெப்பமானி, புல்தரையில், நிலத்திலிருந்து 1.25 முதல் 2 மீற்றர் உயரத்தில், வெள்ளை பூசிய மரப்பெட்டிக்குள் இருக்கிறது. காற்று தாராளமாக வந்துபோக அதன் நான்கு பக்கமும் இடைவெளி விட்ட சாய்பலகைகள் உண்டு, வெயில் அதன்மேல் ஒருபோதும் நேரே படாது. ஓரிடத்தை இன்னோரிடத்தோடும் ஓராண்டை இன்னோராண்டோடும் ஒப்பிடுவதற்காக உலகெங்கும் இப்படித்தான் அளக்கிறார்கள். அதற்கு இதுவே சரியான முறை. ஆகவே அது நிழலில், புல்லின் மேல், நல்ல காற்றோட்டத்தில் நிற்கும் ஒருவருக்கான எண். தொலைபேசிச் செயலிகளில் பெரும்பாலானவை அந்த அளவீட்டைக்கூடத் தருவதில்லை. பல கிலோமீற்றர் அகலமான பரப்புக்குக் கணினி கணித்த மதிப்பீட்டையே தருகின்றன. தகரக் கூரையையோ, அடைத்த யன்னலையோ, உங்கள் தாயாரின் வயதையோ அந்தச் செயலி அறியாது.

ஈரப்பதனையும் சேர்த்துப் பாருங்கள். வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். கொழும்பின் காற்றில் அது எளிதில் உலர்வதில்லை. 32 பாகையும் 70 சதவீத ஈரப்பதனும் சேர்ந்தால் உடல் உணரும் வெப்பம் ஏறத்தாழ 40 பாகை. அந்தக் கணக்கும் நிழலுக்கு உரியதே. நேர் வெயிலில் இன்னும் 8 பாகை வரை கூடலாம். "கட்டாரில் 45 பாகையில வேலை செய்தவன் நான்" என்று வாதிடும் தம்பிமாருக்கும் ஒரு வார்த்தை: உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரம் எடுக்கும், விட்டால் சில வாரங்களில் அந்தப் பழக்கம் போய்விடும்.

இனி ஒழுங்கைக்கு வருவோம். பகலில் கொங்கிரீட்டும் தாரும் வாங்கிய வெப்பம் இரவில்தான் வெளியேறுகிறது. மரைன் டிரைவ் ஓரம் வரிசையாக எழுந்த மாடிகளுக்குப் பின்னாலுள்ள வெள்ளவத்தை வீடுகளுக்கு, கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் கடற்காற்று அரிதாகவே எட்டுகிறது. விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலிலிருந்து மருதானைக்கு நடந்து பாருங்கள், வேறுபாட்டை உடலே சொல்லும். ஈரநிலங்களைப் பாதுகாக்கும் ராம்சார் என்ற உலக உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற நகரம் இது. சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கும் அந்தச் சதுப்பு நிலங்களை மண்ணிட்டு நிரப்பும்போது வெள்ளத்தை மட்டும் பேசுகிறோம், வெப்பத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

செய்ய வேண்டியவை கடினமானவையல்ல. அறைக்குள் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி முதியவரின் கட்டிலருகே வையுங்கள். தொலைபேசியைப் பார்க்காமல் அதைப் பாருங்கள். முற்பகல் பதினொன்று முதல் மாலை நான்கு வரை அவரை மேல்மாடியில் விடாதீர்கள், கீழ்த்தளத்துக்கு அழைத்து வாருங்கள். மின்விசிறி காற்றைக் குளிராக்காது. ஈரத்துணியால் உடலைத் துடைத்துவிட்டு விசிறியைப் போடுங்கள். சிறுநீர் பெருக்கி மாத்திரை எடுப்பவர்கள் தாமாக அதை நிறுத்த வேண்டாம். கோடை தொடங்கும்போதே வைத்தியரிடம் வந்து கேளுங்கள். புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் முதலாளிமாரே, உங்கள் மூட்டைகளைச் சுமக்கும் நாட்டாமைமார் உச்சி வெயிலில் நிழலில் உட்காரவும், வேண்டுமளவு தண்ணீர் குடிக்கவும் இடங்கொடுங்கள். புதிதாக வந்தவருக்கு முதல் வாரம் சுமையைக் குறையுங்கள்.

வெப்பத்தில் இருந்த ஒருவர் பேச்சுக் குழறினாலோ, ஆளை மாறி அறிந்தாலோ, மயங்கினாலோ 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் ஆடையைத் தளர்த்தி, உடலெங்கும் நீரூற்றி, விசிறுங்கள். கழுத்திலும் கக்கத்திலும் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பரசிற்றமோல் இந்த வெப்பத்தைக் குறைக்காது. கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் உயிரைப் பறிக்கிறது. உங்கள் மாடியில் தனியாக வசிக்கும் முதியவர் யாராவது இருந்தால், ஏப்ரல் முடியும்வரை பிற்பகலில் ஒருமுறை கதவைத் தட்டி அவரோடு இரண்டு வார்த்தை பேசுங்கள். பதில் தெளிவாக வருகிறதா என்று பாருங்கள்.