மழையில்லாத இரவில் கூடாரம் நனைவது ஏன்?

வில்லாபுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தை மாதத்தில் அவரும் கணவரும் பைக்கில் வத்தலக்குண்டு, பட்டிவீரன்பட்டி வழியாகத் தாண்டிக்குடிக்குப் போய், தெரிந்தவரின் காப்பித் தோட்டத்தில் கூடாரம் போட்டுத் தங்கியிருக்கிறார்கள். மரத்தடியில் படுக்கக் கூடாது என்று மாமியார் சொல்லியனுப்பியதால் களத்தை ஒட்டிய வெட்டவெளியில் இடம் பிடித்தார்களாம். வானத்தில் பொட்டு மேகம் இல்லை. விடியற்காலையில் பார்த்தால் கூடாரத்தின் உட்புறமெல்லாம் நீர் கோத்து, சுவரில் உரசிய போர்வை தொப்பலாக நனைந்திருக்கிறது. “துணி மட்டமானது, விலை கூடியதாக வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். மழையே பெய்யாதபோது எப்படி ஒழுகும்?” என்று கேட்கிறார்.

ஒழுகவில்லை. உள்ளே கோத்திருந்த நீரில் பெரும்பங்கு அவர்கள் இருவரின் உடலிலிருந்து வந்தது. மூச்சிலும் தோல் வழியாகவும் ஓர் ஆளிடமிருந்து நாளொன்றுக்கு முக்கால் லிட்டர் அளவு நீர் நமக்குத் தெரியாமலே வெளியேறுகிறது. இருவருக்கு எட்டு மணி நேரத்தில் அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பைக்கில் கட்டி எடுத்துப்போகும் இருவர் கூடாரத்துக்குள் சுமார் 2 கன மீட்டர் காற்றுதான் இருக்கும். 15 டிகிரி வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 13 கிராம் நீராவிக்கு மேல் ஏற்காது. குளிருக்குப் பயந்து ஜிப்பை முழுவதும் இழுத்து மூடினால் அரை மணி நேரத்துக்குள் உள்காற்று நிறைந்துவிடும். மிச்சம் குளிர்ந்த பரப்பைத் தேடிப் படியும்.

இது பள்ளிப் பாடம். அந்தப் பரப்பு அவ்வளவு குளிர்ந்தது எப்படி என்பதுதான் எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம். மேகமற்ற, காற்று அசையாத இரவில் கூடாரத் துணி வெளிக்காற்றைவிடவே சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது. சுற்றிலும் 15 டிகிரிக் காற்று சூழ்ந்திருக்க, நடுவில் ஒரு துணி மட்டும் 11, 12 டிகிரிக்கு எப்படி இறங்கும்?

அதன் வெப்பம் விண்வெளிக்குப் போய்விடுகிறது. எல்லாப் பொருள்களும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை ஓயாமல் வெளிவிடுகின்றன. சுவரும் மரமும் மண்ணும் நமக்கு அனுப்புவதும் நாம் அனுப்புவதும் ஏறக்குறையச் சரியாகிவிடும். வானத்தோடு அந்தக் கணக்கு நேராவதில்லை. காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துத் திருப்பியனுப்பினாலும், 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளத்தில் உலர்ந்த காற்று ஏறக்குறைய ஒளிபுகும் கண்ணாடி. அந்த வழியே போகும் வெப்பம் திரும்பி வருவதில்லை. துணியோ மெல்லியது, சேமித்துவைத்த வெப்பம் என்று அதனிடம் எதுவுமில்லை. அதனால் விறுவிறுவென்று குளிர்கிறது. மேகம் வந்தால் வழி அடைபடும். மூட்டமான இரவில் துணி அவ்வளவாகக் குளிர்வதில்லை.

மார்கழி விடியலில் தெருவில் நிற்கும் பைக்கைப் பாருங்கள். பெட்ரோல் டேங்க்கின் மேல்புறத்தில் விரலால் பெயரெழுதலாம், அவ்வளவு ஈரம். கீழே தடவினால் காய்ந்திருக்கும். பனி மேலிருந்து பெய்வதால்தானே என்று தோன்றும். லண்டனில் மருத்துவராக இருந்த வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இதைச் சோதித்து 1814-இல் வெளியிட்டார். இருபுறமும் திறந்த மண் உருளையை நிறுத்தி, அதற்குள் கம்பளிப் பஞ்சை வைத்தார். நேர்மேலே வானம் திறந்தே இருந்தது. பனி மேலிருந்து விழுவதாக இருந்தால் பஞ்சு நன்றாக நனைந்திருக்க வேண்டும். ஆனால் வெளியே வைத்த பஞ்சோடு ஒப்பிட்டால் அதில் சொற்ப ஈரமே ஏறியது. உருளையின் சுவர் வானத்தின் பெரும்பகுதியை மறைத்திருந்ததால், பஞ்சு அவ்வளவாகக் குளிரவில்லை என்பதுதான் காரணம். வெறும் பஞ்சும் மண் உருளையும் தராசும் கொண்டு செய்த இந்தச் சோதனையைப் பள்ளி மாணவர்கள் மொட்டை மாடியில் செய்து பார்க்க வேண்டும். ஆள் உயரத்தில் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்கு மேலே காட்டும்போதே கொடைக்கானல் புல்வெளியில் உறைபனி படிவதும் இதே காரணத்தால்தான்.

2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நேர் வெயிலிலேயே காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிரும் மென்படலத்தை, வெப்பத்தை வானத்துக்கு அனுப்பும் இதே முறையில் செய்து காட்டினார்கள். சித்திரையில் மொட்டை மாடி கொதிக்கும் மதுரைக்கு இதைவிடத் தேவையான ஆராய்ச்சி என்ன இருக்கிறது? காற்றில் ஈரம் கூடினால் வெப்பம் விண்வெளிக்குப் போகும் வழி சுருங்கும். ஆகவே நம் வானத்தின் கீழ், நம் கூரைகளில்தான் அளந்து பார்க்க வேண்டும். இத்தகைய ஆய்வுக்கு நம் ஊர்க் கல்லூரிகளுக்கே பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி மாமியார் சொன்னது. மரம் இரவில் கரியமில வாயு விடும், பேய் அமுக்கும் என்பவற்றை ஒதுக்கிவிடலாம். திறந்த வெளியில் மரம் விடும் வாயுவைவிடப் பக்கத்தில் படுத்திருப்பவரின் மூச்சில்தான் அது அதிகம். வானத்தை மறைக்கும் கிளைகளின் கீழே துணி அவ்வளவாகக் குளிராது. பட்டுப்போன கிளையும் தேன்கூடும் இல்லாத மரமாகப் பார்த்தால் போதும். ஓடையோரப் பள்ளம் வேண்டாம். குளிர்ந்த காற்று அங்கேதான் தேங்கும். மலையேறப் போனவர்கள் உயிரிழந்த 2018 குரங்கணிக் காட்டுத் தீக்குப் பிறகாவது, அனுமதியில்லாமல் காட்டுக்குள் போவதை யாரும் நினைக்கக் கூடாது.

கூடாரத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் காற்றுத் திறப்பை விட்டுவையுங்கள். நனைந்த ஜாக்கெட்டை உள்ளே காயவைக்காதீர்கள். இருவர் கூடாரத்தில் இருவர் படுத்தால் தோள் சுவரில் உரசும். பைக்கில் இடமிருந்தால் மூவர் அளவு நல்லது. உட்கூடு வலைத்துணியாகவும் மேல்விரிப்பு தனியாகவும் இருந்தால், படிந்த நீர் உங்கள்மேல் படாது.

திறந்துவைத்தால் குளிருமே என்று இருவரில் ஒருவர் சொல்வார். ஆளை நடுங்கவைப்பது பெரும்பாலும் தரைதான். உடல் எடையில் போர்வை அமுங்கி அதிலுள்ள காற்று வெளியேறிவிடுவதால் முதுகுச் சூடு மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. வெறும் காற்று மெத்தைக்குள்ளும் காற்று சுழன்று சூட்டைக் கீழே கடத்தும். நுண்ணறைகள் கொண்ட ஃபோம் பாயில் காற்று அசைய முடியாது. புதுக் கூடாரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் அப்படி இரண்டு பாய் வாங்கி, நடுவில் இடைவெளி விழாதபடி பட்டையால் சேர்த்துக் கட்டிக்கொள்ளுங்கள்.