பருவம் தொடங்கும் முன்பே பேச வேண்டிய விளம்பரம்: உள்ளூர்ச் சேவைத் தொழில் நடத்துவோர் கவனத்துக்கு

வெயில் ஏறத் தொடங்கிய வாரத்தில் ஏசி பழுது பார்ப்பவரும், முதல் மழை பெய்த வாரத்தில் மொட்டைமாடிக் கசிவை அடைப்பவரும் விளம்பரச் செலவை ஒரேயடியாக உயர்த்துகிறார்கள். சிறு சேவைத் தொழில்களுக்கு விளம்பர ஆலோசனை சொல்லும் பணியில் நான் அடிக்கடி காணும் வழக்கம் இது. அந்த வாரத்தில் அதே தொழிலில் உள்ள எல்லோரும் அதே தேடல் சொற்களுக்காக ஏலம் கேட்பதால், கூகுள் விளம்பரத்தில் ஒரு சொடுக்குக்கான (கிளிக்) விலை ஏறிவிடுகிறது. விளம்பரத்தைப் பார்த்து அழைப்புகளும் குவிகின்றன. ஆனால் பணியாளர்கள் ஏற்கெனவே ஓய்வின்றி ஓடிக்கொண்டிருப்பதால் பாதி அழைப்புகளை எடுக்கவே முடிவதில்லை. தொலைபேசியை எடுக்கவில்லை, வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை என்று எழுதப்படும் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகளில் பெரும்பகுதி இந்த நாட்களில் வருபவைதான். கூடுதல் பணம் கொடுத்து அவப்பெயரை வாங்குவதாகவே இது முடிகிறது.

விளம்பரம் உச்சத்தில் இருக்க வேண்டிய காலம், வாடிக்கையாளரின் தொல்லை இன்னும் தொடங்காத, உங்கள் பணியாளர்களுக்கும் நேரம் இருக்கிற காலம் என்பதே என் உறுதியான கருத்து. இதற்குச் செலவுக் கணக்கு மட்டும் காரணமில்லை; வேலையின் தரமும் இதைச் சார்ந்தே இருக்கிறது. மொட்டைமாடி நீர்க்காப்பு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். விரிசலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அடைத்து, அடிப்பூச்சு அடித்து, அதன்மேல் பூச்சை ஒன்றுக்கு மேற்பட்ட முறை அடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. எல்லாம் முடிந்தபின் வடிகால் வாயை அடைத்து, 24 முதல் 48 மணி நேரம் வரை தண்ணீரைத் தேக்கிவைத்துப் பார்ப்பது வழக்கம். கான்கிரீட்டுக்குள் ஈரம் இருக்கும்போது வழக்கமான பூச்சை அடித்தால், அடியிலிருந்து எழும் நீராவி பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடுகிறது. ஆகவே மழை பெய்துகொண்டிருக்கும்போது நேர்மையாகச் செய்யக்கூடியது தற்காலிக அடைப்பும் பரிசோதனையும் மட்டுமே. அந்த நாட்களில் ‘நிரந்தரத் தீர்வு, இன்றே அழையுங்கள்’ என்று விளம்பரம் செய்பவர், தம்மால் தர முடியாத ஒன்றை விற்கிறார்.

இதே வேலைக்கு வறண்ட மாதத்தில் எழுதும் விளம்பரம் வேறு மாதிரி இருக்கும். ‘சென்ற மழையில் உங்கள் கூரையின் உட்புறம் ஈரத்திட்டு தெரிந்ததா? அது இப்போது காய்ந்து வெறும் கறையாக நிற்கும். சரிசெய்ய ஏற்ற நேரம் இதுவே’ என்பது போன்ற இரண்டு வரிகள், கறையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பிறகு மறந்துபோன வீட்டுக்காரரை நேராகச் சென்றடைகின்றன. இதற்கு வேண்டிய படத்தை மழைக்காலத்திலேயே எடுத்துவைத்திருக்க வேண்டும். வறண்ட மாதத்தில் கசிவைப் படம்பிடிக்க முடியாது என்ற எளிய விஷயத்தைப் பலர் விளம்பரம் தயாரிக்கும் நாளில்தான் உணர்கிறார்கள். வீட்டுக்காரரின் அனுமதியோடு, முகவரி தெரியாதபடி எடுத்த இத்தகைய படங்கள், இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் எந்தப் படத்தையும்விட நம்பிக்கை தருபவை.

பருவம் எப்போது தொடங்குகிறது என்பதை அறிய, முதலில் உங்கள் அழைப்புப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். தேதி, பகுதி, என்ன குறை, வேலையை ஏற்றீர்களா, ஏற்கவில்லையென்றால் ஏன் என்ற ஐந்து விவரங்கள் போதும். கடைசி விவரத்தைப் பெரும்பாலோர் எழுதுவதில்லை. ஆனால் எந்த வாரத்தில் ஆள் பற்றாமல் வேலையைக் கைவிட்டீர்கள் என்பதை அதுதான் காட்டுகிறது. அடுத்த ஆண்டு விளம்பரத்தைக் குறைக்க வேண்டிய வாரமும் அதுவே.

இணையக் கருவிகள் இதற்குத் துணை நிற்கும். ஆனால் அவை எதைக் காட்டுகின்றன என்பதைப் புரிந்துகொள்ளாமல் பயன்படுத்தினால் வழிதவறச் செய்யும். கூகுள் டிரெண்ட்ஸ் 2004 முதலான தேடல் போக்கைக் காட்டுகிறது என்றாலும், அதில் தெரியும் 0 முதல் 100 வரையான எண் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டுச் சொல்லும் அளவுதான் அது. விளம்பரத்துக்கான தேடல் சொற்களைத் தேர்ந்தெடுக்க உதவும் கூகுளின் கீவேர்ட் பிளானர் காட்டும் மாதத் தேடல் எண்ணிக்கையோ வழக்கமாக 12 மாதங்களின் சராசரி. மூன்று மாதம் மட்டும் தேடப்படும் சேவைக்கு அந்தச் சராசரி, உச்ச மாதத்துக்கும் பொருந்தாது, ஓய்ந்த மாதத்துக்கும் பொருந்தாது. மாதவாரி வரைபடத்தைத் திறந்து பார்த்தே முடிவெடுக்க வேண்டும். சொந்த இணையதளம் இருந்தால், அது கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத் தருகிறது. சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிட அது போதும். தவிர, மழையும் வெயிலும் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை என்பதால், நாட்காட்டியை மட்டும் நம்பாமல் வானிலை முன்னறிவிப்பையும் பார்த்தே விளம்பரம் தொடங்கும் நாளை முடிவு செய்யுங்கள்.

எவ்வளவு முன்னதாகத் தொடங்க வேண்டும் என்பது ஊடகத்தைப் பொறுத்தது. கட்டண விளம்பரத்துக்குச் சில வாரங்கள் போதும். இணையப் பக்கம் தேடலில் முன்னேறுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். ஒவ்வோர் ஆண்டும் ஆண்டு எண்ணோடு புதிய பக்கம் தொடங்கிப் பழையதை அழிப்பவர்கள், பழைய பக்கம் சேர்த்துவைத்த மதிப்பையும் சேர்த்தே அழித்துவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் பருவங்களுக்கு ஒரே இணைய முகவரியைத் தொடர்ந்து பயன்படுத்துமாறு கூகுளே பரிந்துரைக்கிறது. இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். ஏலத் தொகையைக் கூகுளே முடிவு செய்யும் தானியங்கி ஏல முறையில், வரவேற்பு திடீரென மாறப்போவதை அதற்கு முன்கூட்டியே சொல்ல, பருவகாலச் சரிசெய்தல் என்றொரு வசதி உண்டு. பெயரைப் பார்த்து முழுப் பருவத்துக்கும் அதைப் போட்டுவைக்கிறார்கள். உண்மையில் அது 1 முதல் 7 நாள் வரையான குறுகிய நிகழ்வுகளுக்கானது.

பழைய வாடிக்கையாளருக்கு எழுதுவதே மிகக் குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வழி. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்ஆப்பின் ஒலிபரப்புப் பட்டியலில் (பிராட்காஸ்ட்) 256 பேர் வரை சேர்க்கலாம் என்றாலும், உங்கள் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச்சேரும். ஆகவே வேலை முடிந்து கிளம்பும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்வதும், செய்தி அனுப்பச் சம்மதம் கேட்பதும் பணியாளரின் வழக்கமாக வேண்டும். செய்தியிலும் பளபளப்பான படம் தேவையில்லை. எந்த இயந்திரம், கடைசியாக எந்த மாதம் பராமரித்தது, யார் வந்தார், அடுத்து எந்த நாட்களில் வர முடியும் என்ற நான்கு விவரங்கள் இருந்தால் பதில் வரும். கொசு ஒழிப்புத் தொழிலில் இருப்பவர் இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். முட்டை முழுக்கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் ஆகின்றன என்பதால், மழை பெய்த மறுநாளே, தேங்கிய நீரை வாரம் ஒருமுறை கொட்டிவிடுமாறு எழுதுங்கள். அதற்கு யாரும் உங்களுக்குப் பணம் தர வேண்டியதில்லை. அதனால்தான் உங்கள் அடுத்த செய்தியை நம்பிப் படிப்பார்கள்.

உச்சப் பருவம் வந்ததும் விளம்பரம் சென்றுசேரும் பகுதியைச் சுருக்குங்கள். பணியாளர் போய்வர எளிதான சுற்றளவு போதும். அழைப்பவரிடம் எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். முதியவரோ கைக்குழந்தையோ உள்ள வீடுகளுக்கு முன்னுரிமை என்பதையும் வெளிப்படையாக எழுதி வையுங்கள். பருவத்தில் கட்டணம் உயருமானால், அது பருவம் தொடங்கும் முன்பே உங்கள் பக்கத்தில் தெரிய வேண்டும். கூரை இடிந்துவிடும், வயரிங் தீப்பிடிக்கும் என்று எதையும் பார்க்காமலே பயமுறுத்தும் விளம்பரங்களை நான் எழுதித் தருவதில்லை. பயந்து அழைத்தவர் பிறகு நிதானமாக விசாரிப்பார். ஏமாந்தோம் என்று தெரிந்தால் பிறரிடமும் சொல்வார்.

ஓய்ந்த மாதங்களில் தள்ளுபடி தருவதில் தவறில்லை. பணியாளருக்குச் சம்பளம் ஆண்டு முழுவதும் போகிறது, அந்த மாதத்தின் வேலையும் நிதானமாக நடக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களை விற்கவும் அதுவே ஏற்ற காலம். ஆனால் உச்ச வாரத்தில் எத்தனை வீடுகளுக்குப் போக முடியுமோ, அத்தனை ஒப்பந்தங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதிப்புரை கேட்பதை மட்டும் எந்தப் பருவத்துக்கும் தள்ளிப்போடாமல், வேலை முடிந்த அன்றே கேளுங்கள். அதற்காகப் பரிசோ தள்ளுபடியோ தருவது கூகுளின் விதிகளுக்கு எதிரானது.

விளம்பரப் பொறுப்பை வெளியாரிடம் கொடுத்திருப்பவர்கள் அவர்கள் தரும் அறிக்கையைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வெயில் மாதத்து ஏசி அழைப்புகளைக் குளிர் மாதத்தோடு ஒப்பிட்டு, பல மடங்கு வளர்ச்சி என்று காட்டுவது மிக எளிது. அந்த வளர்ச்சியைத் தந்தது வெயில். சென்ற ஆண்டின் அதே வாரங்களோடு ஒப்பிடச் சொல்லுங்கள். சொடுக்குகளின் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், வந்த அழைப்புகளையும் முடிந்த வேலைகளையும் கேட்டு வாங்குங்கள். மாதந்தோறும் ஒரே தொகை என்று ஆண்டு முழுமைக்கும் ஒப்பந்தம் போடாமல், பருவத்துக்கு முந்தைய மாதங்களில் கூட்டவும் உச்சத்தில் குறைக்கவும் இடம் இருக்கும்படி எழுத்தில் வாங்குங்கள். கூகுள் வணிகப் பக்கமும் விளம்பரக் கணக்கும் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் இருக்கட்டும். அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய தரவு முழுவதும் அந்தக் கணக்குகளுக்குள்தான் இருக்கிறது.