ராஜபார்ட்டின் தொண்டையும் மைக்செட்டும்

பங்குனி பிறந்துவிட்டால் மதுரை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் விடிய விடியப் பாடி நடிக்கும் ஸ்பெஷல் நாடகக்காரர்களுக்குச் சீசன். ஆடி வரை ஓட்டம்தான். ஓட்டம் ஓய்ந்ததும் அவர்களில் சிலர் எங்களிடம் வருவார்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரோடு சேர்ந்து வேலை பார்க்கும் குரல் சிகிச்சையாளன் நான். வருகிறவர்களுக்குக் குரல் கரகரத்திருக்கும், மேல் ஸ்தாயி எட்டாது, பேசினால் பாதி காற்றாகத்தான் வரும். எத்தனை நாளாக என்று கேட்டால், "தொண்டை கட்டியிருக்கு, சீசன் முடிஞ்சா சரியாயிடும்னு விட்டுட்டேன்" என்பார்கள். சில வருஷம் சரியாகியும் விடுகிறது. அதுதான் சிக்கலே. சரியாகாத வருஷத்தை அடையாளம் காணத் தெரியாமல் போய்விடுகிறது.

தொண்டைக்குள் இருப்பது இரண்டு சின்னத் தசை மடிப்புகள். குரல் நாண்கள் என்கிறோம். சாதாரணப் பேச்சில் ஆணுக்கு வினாடிக்கு 100 முதல் 120 தடவை, பெண்ணுக்குச் சுமார் 200 தடவை இவை ஒன்றோடொன்று மோதி அதிரும். மேடையில் குரல் ஏற ஏற இந்த எண்ணிக்கையும் ஏறும். வினாடிக்கு 200 என்றே வையுங்கள். ஒரு இரவில் மொத்தம் 2 மணி நேரம் பாடிப் பேசினால் 14 லட்சத்துக்கு மேல் மோதல். இந்த அடியைத் தாங்கும்படிதான் அவை அமைந்திருக்கின்றன. ஆனால் அடியின் வேகம் கூடி, ஆறுவதற்கு நேரமும் கிடைக்காவிட்டால், மோதும் இடத்தில் தோல் காய்த்துப்போகும். அதைத்தான் முடிச்சு, நாடியூல் என்கிறார்கள். பெண் கலைஞர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டும் கொப்புளம் போல வரும் பாலிப்.

இதைச் சொன்னால் மூத்த நடிகர்கள் அந்தக்கால நாடகப் பாடகர்களைக் காட்டி ஒரு கேள்வி கேட்பார்கள். "கிட்டப்பா, சுந்தராம்பாள் காலத்துல மைக்கே கிடையாது. விடிய விடியப் பாடினாங்க. மைக் வெச்சுப் பாடுற எங்களுக்கு ஏன் சார் தொண்டை போகுது?" நல்ல கேள்வி. அன்றும் தொண்டை போனவர்கள் இருந்திருப்பார்கள், அவர்கள் பெயர் நம்மிடம் வந்து சேரவில்லை என்பது ஒரு பதில். இன்னொன்று, அன்று மைக் நடிகருக்கு மட்டுமல்ல, ஆர்மோனியத்துக்கும் மிருதங்கத்துக்கும்கூட இல்லை. ஊர் இரவும் அமைதியாக இருந்தது. தன் குரல் தன் காதில் விழுந்தது.

இன்று வாத்தியம் ஒவ்வொன்றுக்கும் மைக் இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாம் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பியிருக்கின்றன. மேடையில் நிற்பவருக்கு ஆர்மோனியமும் தாளமும் காதைப் பிளக்கும், தன் குரல் மட்டும் கேட்காது. சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தன்னை அறியாமல் கத்துவார். அது உடம்பின் இயல்பு, பயிற்சி இருந்தாலும் முழுதாக அடங்காது. ஆக மைக் முன்னால் நின்றுகொண்டு, மைக் இல்லாதவர் போல அடித்தொண்டையில் தள்ளுகிறோம். கூட்டத்துக்குக் கேட்பதென்னவோ மைக்செட்காரர் திருகி வைத்த அளவுதான்.

இதற்கு மருந்து வேண்டாம். ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியை மேடைப் பக்கம் திருப்பி, அதில் நடிகர் மைக்கின் சத்தத்தை மட்டும் விடச் சொல்லுங்கள். ஆர்மோனிய மைக்கைக் கொஞ்சம் இறக்கச் சொல்லுங்கள். நாடகம் தொடங்குவதற்கு முன், கோமாளி வேஷக்காரரான பபூன் மேடையேறும் முன்பே, இரண்டு வரி பாடிப் பார்த்துவிடுங்கள். குரல் போன ஒருவருக்கு நான் எழுதிக்கொடுக்கிற சீட்டில் மாத்திரைக்கு மேலே இதுதான் இருக்கும்.

அடுத்தது சுருதி. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது, ஒத்திகையும் கிடையாது. கதாநாயகனாக வரும் ராஜபார்ட் ஓர் ஊர், நாயகியாக வரும் ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பின்பாட்டு எனப்படும் ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். மேடையில்தான் சந்திப்பு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தை எல்லாரும் மனப்பாடமாக வைத்திருப்பதால் இது நடக்கிறது, வேறு எந்த ஊர் நாடகக்காரரும் வியக்கிற விஷயம். ஆனால் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் தொடங்கினால் இருவருக்கும் ஆர்மோனியம் ஒன்றுதான். ஒருவருக்கு வாகான கட்டை, அதாவது சுருதி அளவு, மற்றவருக்கு இழுபறி. அரைக் கட்டை இறக்கச் சொல்லலாமே என்றால், "இறக்கினா மார்க்கெட் போயிடும் சார், தொண்டை போயிடுச்சுன்னு பேசுவாங்க" என்று பதில் வரும். அந்தப் பயம் பொய்யில்லை. ராத்திரிக் கூலிக்கு ஆடுபவரிடம் போய்ப் பத்து நாள் மௌனமாக இரு என்று சொல்வதும் எளிதில்லை. ஆனாலும் சளி, காய்ச்சல் இருக்கும் இரவிலாவது அரைக் கட்டை இறக்குங்கள். கூட்டத்தில் அதைக் கண்டுபிடிப்பவர் ஆர்மோனியக்காரர் ஒருவர்தான்.

தொண்டையைக் கெடுப்பதில் மேடைக்கு வெளியே நடப்பதற்கும் பெரிய பங்கு உண்டு. விடியற்காலையில் நாடகம் முடிந்ததும் புரோட்டா, சால்னா. அப்படியே வேனில் ஏறிச் சாய்ந்து தூக்கம். படுத்ததும் வயிற்று அமிலம் மேலேறிக் குரல் நாண் வரை வந்து புண்ணாக்கும். நெஞ்செரிச்சல் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. காலையில் எழுந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டே இருப்பவர்கள் இதைச் சந்தேகிக்கலாம். இரவுச் சாப்பாட்டை மேடையேறும் முன்பே முடித்துவிட்டு, விடிகாலையில் இட்லி மாதிரி லேசாக ஏதாவது எடுத்துக்கொண்டால் போதும். வேன் இரைச்சலுக்கு மேல் கத்திப் பேசுவதும், மறுநாள் முழுக்கப் போனில் அடுத்த தேதி பேசுவதும் ஆறவேண்டிய நேரத்தைத் தின்றுவிடுகின்றன. புகையிலை, பீடி, குடி பற்றி நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

கைவைத்தியம் பற்றிச் சண்டை வேண்டாம். பனங்கற்கண்டு, மிளகு, கற்பூரவல்லி எல்லாம் தொண்டைக்கு இதமானவைதான். ஆனால் விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடாது. தொட்டால் புரையேறிவிடும். கொப்பளிக்கும் தண்ணீரும் அதுவரை போகாது. நேராகப் போய்ச் சேர்வது ஆவி மட்டுமே, தைலம் எதுவும் போடாத வெறும் வெந்நீர் ஆவி போதும். பகல் முழுக்கத் தண்ணீர் குடித்தால் உடம்பு வழியாக நாணுக்கு ஈரம் சேரும், மேடையேறும் நேரத்தில் மடமடவென்று குடித்து அதை ஈடுகட்ட முடியாது.

ஊசி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேசுவேன். குரல் போன அன்றே ஒரு ஊசி போட்டு மேடையேற்றும் வழக்கம் இருக்கிறது. பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. வீக்கம் வடிந்து அன்றைக்குக் குரல் வரும், காயம் அப்படியே இருக்கும். வலி தெரியாமல் மறுபடி அதே இடத்தில் அடிப்போம். உடம்பு வலிக்கு ஆஸ்பிரின் போன்ற மாத்திரை போட்டுக்கொண்டு உச்சத்தில் பாடுவதும் ஆபத்து, இரத்தம் கசிவதற்கு வழி செய்கிறது. பாடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் அறுந்தால் குரல் நாணில் இரத்தக்குழாய் உடைந்திருக்கலாம். அன்றைய வேஷத்தை அங்கேயே நிறுத்துங்கள். கிசுகிசுவென்றும் பேச வேண்டாம், சைகை போதும். இந்த ஒன்றில் மார்க்கெட் கணக்கு பார்க்கக் கூடாது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். பாதி தண்ணீர் உள்ள பாட்டிலில் ஸ்ட்ராவை இரண்டு விரற்கடை மூழ்க விட்டு, அதன் வழியாக 'ஊ' என்று மெதுவாகக் குரல் கொடுங்கள். குமிழி சீராக வரவேண்டும். கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே வழுக்கிக்கொண்டு போங்கள். தண்ணீரின் எதிரழுத்தம் குரல் நாண்களை மெத்தென்று மோதவைக்கும். அரிதாரம் பூசும் முன் ஐந்து நிமிஷம், வேஷம் கலைத்த பின் ஐந்து நிமிஷம். அந்தப் பின் ஐந்து நிமிஷத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டைக்குள் கேமரா விட்டுக் குரல் நாணைப் பார்க்கும் ஸ்கோப் போட்டுப் பார்த்தே ஆகவேண்டும். புகையிலைப் பழக்கம் இருந்தால் அவ்வளவு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம், புற்றுநோயும் முதலில் கரகரப்பாகத்தான் தலைகாட்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்த வசதி உண்டு. மரத்துப்போக மருந்து அடித்துவிட்டு, 'ஈ' சொல்லச் சொல்லிச் சில நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள். முடிச்சு என்று சொன்னால் உடனே கத்தி என்று பயப்படாதீர்கள். பெரும்பாலான முடிச்சுகள் குரல் பயிற்சியிலேயே சுருங்கும், வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள். பாலிப்புக்குத்தான் அறுவை சிகிச்சை தேவைப்படுவது அதிகம்.

வரும்போது போனில் உங்கள் தர்க்கக் காட்சியின் வீடியோ ஒன்று கொண்டு வாருங்கள். என் அறையில் எல்லாரும் மெதுவாக, மரியாதையாகப் பேசுகிறீர்கள். கோளாறு அந்தப் பேச்சில் இல்லை. கழுத்து நரம்பு எந்த வரியில் புடைக்கிறது, மூச்சு எங்கே தீர்ந்துபோகிறது என்பதெல்லாம் வீடியோவில்தான் தெரியும்.