தணிக்கை அறிக்கை பேரவைக்கு வர ஏன் இவ்வளவு நாள்?

அரசுகளின் கணக்கைத் தணிக்கை செய்யும் சிஏஜி (இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்) அறிக்கையின் அட்டையில் இரண்டு ஆண்டுகள் இருக்கும். ‘2022 மார்ச் 31-ல் முடிந்த ஆண்டுக்கானது’ என்பது போல ஒன்று. ‘2024-ம் ஆண்டின் அறிக்கை எண் 3’ என்பது போல இன்னொன்று. முதலாவது, கணக்கு எந்தக் காலத்துக்குரியது என்பது. இரண்டாவது, அறிக்கைக்கு எண் போட்ட ஆண்டு. பேரவையில் வைத்த தேதி இரண்டுமே இல்லை. முந்தைய ஆட்சியின் செலவை இப்போதைய ஆட்சியின் தலையில் கட்டும் விவாதங்கள் பாதி இந்தக் குழப்பத்தில் பிறந்தவை.

தொடக்கம் ஏதோ ஒரு மாவட்ட அலுவலகத்தில். தணிக்கைக் குழு ஒரு குறிப்பு கொடுத்து விளக்கம் கேட்கும். ‘கோப்பைப் பார்த்துப் பதில் அனுப்பப்படும்’ என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டு அத்தோடு மறந்துவிடுவார்கள். தீராத தணிக்கை ஆட்சேபங்கள் அந்த அலுவலகத்துக்கான ஆய்வறிக்கையில் பத்திகளாக ஏறும்; பதிலுக்கு வழக்கமாக 4 வாரம். தொகை பெரிதாகவோ விதிமீறல் தீவிரமாகவோ இருந்தால், அது வரைவுப் பத்தியாகித் துறைச் செயலருக்கே போகும். அங்கே 6 வாரம். அப்போதும் பதில் வராவிட்டால், ‘அரசுக்கு அனுப்பப்பட்டது, பதில் பெறப்படவில்லை’ என்று மாதத்தோடு அச்சாகிவிடும். தொகையை நியாயப்படுத்தும் ரசீது அலமாரியிலேயே இருந்திருக்கலாம். கேட்ட நேரத்தில் எடுத்துக் காட்டாததால் அது ‘முறைகேடு’ என்று தலைப்புச் செய்தியாகிறது.

மாநிலக் கணக்காயர் கையெழுத்திட்டு, சிஏஜி மேலொப்பமிட்ட பிறகு, அரசியல் சட்டக் கூறு 151(2)-ன்படி அறிக்கை ஆளுநருக்குப் போகும். அதைப் பேரவை முன் வைக்கச் செய்வது ஆளுநரின் கடமை. நடைமுறையில் நாள் குறிப்பது அரசுதான். இத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அந்தக் கூறு சொல்லவில்லை. துறைகள் பதில் தரும் கட்டங்களுக்குக் கெடு உண்டு, இதற்குக் கிடையாது. அவை கூடாத மாதங்களில் அறிக்கை காத்திருக்கும். கூட்டத்தொடரின் கடைசி நாளில் வைத்தால் விவாதத்துக்கு நேரமே இருக்காது.

டெல்லியில் 14 அறிக்கைகள் தேங்கி, விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. 2025 ஜனவரியில் நீதிமன்றம் தாமதத்தைக் கண்டித்தது. ஆனால் சிறப்புக் கூட்டம் கூட்டும்படி உத்தரவிடவில்லை. ஆட்சி மாறிய பின், பிப்ரவரி 25 அன்றுதான் அவற்றில் முதலாவதான மதுக் கொள்கை அறிக்கை அவைக்கு வந்தது.

வைத்த பிறகுதான் உண்மையான வேலை. அறிக்கை பொதுக் கணக்குக் குழுவுக்குப் போகும். அரசு நிறுவனங்கள் பற்றியது என்றால் பொது நிறுவனங்கள் குழுவுக்கு. நாடாளுமன்றத்தில் பொதுக் கணக்குக் குழுவுக்கு 22 பேர்: மக்களவையிலிருந்து 15, மாநிலங்களவையிலிருந்து 7. அமைச்சர் உறுப்பினராக முடியாது; 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சிக்காரர் என்பது மரபு. குழுவின் முன் சாட்சியாக உட்காருவது துறைச் செயலர். எதைக் கேட்க வேண்டும் என்ற குறிப்பைத் தணிக்கைத் துறையே உறுப்பினர்களுக்குத் தயாரித்துக் கொடுக்கும்.

எல்லாப் பத்தியையும் குழு விசாரிக்க முடியாது, சிலவற்றைத்தான் எடுக்கும். மத்திய அரசில், எடுக்காத பத்திகளுக்கும் 4 மாதத்துக்குள் தணிக்கைத் துறை சரிபார்த்த நடவடிக்கைக் குறிப்பை (என்ன நடவடிக்கை எடுத்தோம் என்ற துறையின் பதிலை) தர வேண்டும். குழுவின் பரிந்துரைக்குப் பதில் சொல்ல 6 மாதம். என் கணக்கில் பெரிய ஓட்டை இங்கேதான்: பத்திரிகைச் சத்தம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும், அப்புறம் இந்தக் குறிப்பை யாரும் தேடுவதில்லை.

சிஏஜி இணையதளத்தில் ஒவ்வொரு அறிக்கையின் பக்கத்திலும் அரசுக்கு அனுப்பிய தேதியும் அவையில் வைத்த தேதியும் தரப்பட்டிருக்கும். இரண்டையும் கழித்துப் பாருங்கள். வைப்பதற்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் அறிக்கையைக் கேட்டால், பேரவையின் சிறப்புரிமையைக் காட்டிப் பிரிவு 8(1)(சி)-ன் கீழ் மறுப்பார்கள். வைத்த பிறகு கேட்க வேண்டியது அறிக்கையை அல்ல: பத்தி எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குத் துறை எழுதிய விளக்கக் குறிப்பு குழுவுக்கு அனுப்பப்பட்ட தேதியையும் நகலையும் கேளுங்கள்.